கீழே இருந்த அந்தச் சின்ன எழுத்து



அன்பின் கலவான உறவுகளுக்கு,

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். எழுதுவது ஒருவர்தான் என்றாலும், எமது ஆசிரியர் அறையில் பல நாட்களாகப் பேசி, வாதாடி, கடைசியில் ஒத்துக்கொண்ட விடயம் இது. ஆகவே 'நாம்' என்றே எழுதுகிறோம்.

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மழைக்காலத்தில் எமது வட்ஸ்அப் குழுவுக்கு மண்சரிவு அபாயத்தைக் காட்டும் தேசப்படம் ஒன்று வந்தது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று நிறம் தீட்டியிருந்தது. எமது பக்கம் சிவப்பில் இருந்தது. எல்லோருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று எமது பகுதியை மட்டும் பெரிதாக்கி, ஓரங்களை வெட்டி, பெற்றோர் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தோம். வெட்டியபோது கீழே இருந்த ஒரு வரி சின்ன எழுத்தும் போய்விட்டது. அதில்தான் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரும் திகதியும் இருந்தன.

அது பழைய படம். அதற்கு முந்திய ஒரு மழைக்காலத்தில் வெளியிட்டது. ஊர் பதறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சிலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். அடுத்த நாள் வெயிலடித்தது. "சேர்மார் அனுப்பினது பழைய படமாம்" என்று சிரித்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு தேவைப்பட்டிருக்காது. இரண்டு வாரங்களுக்குப் பிறகு உண்மையான எச்சரிக்கை வந்தது. அன்றைய திகதியோடு, உரிய நிறுவனத்தின் பெயரோடு வந்தது. மலையடிவாரத்தில் இருந்த இரண்டு குடும்பங்கள் அசையவில்லை. "இதுவும் அதே படம்தானே?" என்றார்கள். இரவு பத்து மணிக்கு கிராம உத்தியோகத்தரும் ஊர் இளைஞர்களும் போய்க் கெஞ்சித்தான் அழைத்து வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அன்று மலை சரியவில்லை. சரிந்திருந்தால் அந்தக் கணக்கில் எமக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

2017 மே 26ஐ மறந்தவர் இங்கே இல்லை. நோன்பு பிறக்கவிருந்த நாட்கள். குக்குலே கங்கைப் பக்கத்தில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. நாடு முழுவதும் 200இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எமது இரத்தினபுரி மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அப்படியான ஊரில் தேசப்படம் என்பது சமூகக் கல்விப் பாடத்தோடு முடிகிற விடயமில்லை. உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஆகவே நாம் சொல்லவருவது இதுதான். தேசப்படத்தின் கீழே இருக்கும் சின்ன எழுத்தை வெட்டாதீர்கள். யார் செய்தது, எப்போது செய்தது, எந்த நிபந்தனையில் தந்தது என்று மூன்று விடயங்களை அது சொல்கிறது. முதல் இரண்டும் இல்லாவிட்டால் அந்தப் படத்தை நம்ப முடியாது. மூன்றாவதை மதிக்காவிட்டால் அது பிறர் உழைப்பை எடுத்துக்கொள்வதாகும்.

எமது பிள்ளைகளுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். ஒரு ஹதீஸைச் சொல்லும்போது யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையைக் கேட்கிற சமூகம் நாம். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் நிறுத்தி விசாரிப்போம். 1154இல் சிசிலி மன்னர் ரோஜருக்காக உலகப் படம் வரைந்த அல்-இத்ரீஸியும் பல ஆண்டுகள் பயணிகளை அழைத்து, அவர்கள் சொன்னதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வரைந்தார். மார்க்க விடயத்தில் 'யார் சொன்னது' என்று கேட்கும் நாம், மலை சரியுமா என்ற விடயத்தில் கேட்காமல் விடலாமா?

இனி நடைமுறைக்கு வருவோம். பாடசாலை மலர், பள்ளிவாசல் அறிவித்தல், டியூஷன் பதாகை, சிங்கராஜாவுக்குப் போகும் வழியில் உள்ள தங்குமிட விளம்பரம், பிள்ளைகளின் ஒப்படை என்று எல்லாவற்றிலும் இணையத் தேசப்படம் வருகிறது. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விதி மாறும். நாம் வாசித்து விளங்கியதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. கூகுள் மேப், கூகுள் ஏர்த். ஒப்படை, அறிக்கை, பாடசாலை மலர் போன்றவற்றில் போடலாம். நூல்களுக்கு 5,000 பிரதிகள் வரை அவர்களே இடம் தருகிறார்கள். எமது மலர்கள் 300, 400 பிரதிகளைத் தாண்டுவதில்லை. நிபந்தனை என்னவென்றால் கூகுளின் பெயரும், பக்கத்தில் வரும் தரவு வழங்கியவர்களின் பெயரும் வாசிக்கும் அளவுக்குத் தெரியவேண்டும். செய்மதிப் படமென்றால் அதை எடுத்த நிறுவனத்தின் பெயரும் அங்கே இருக்கும். வெட்டுப்பட்டுப் போனால் படத்தின் அருகிலேயே தட்டச்சு செய்து போடுங்கள். அம்புக்குறி, வட்டம், இடப்பெயர் சேர்க்கலாம். படத்தின் தோற்றத்தையே மாற்றக்கூடாது. ரீஷேர்ட்டில் அச்சடித்து விற்கவும் கூடாது.

இன்னொன்று. மூலையில் இருக்கும் ஆண்டு உரிமை ஆண்டு மட்டுமே. அந்த ஆண்டில்தான் படம் எடுத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

2. கூகுள் ஸ்ட்ரீட் வியூ, அதாவது வீதியில் நின்று பார்ப்பதுபோல வரும் படம். இலங்கைக்கு இது வந்தது 2016இல். இதன் விதி இறுக்கமானது. படங்களை இறக்கித் தனியாக வைத்துக்கொள்வது, பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவது, அவற்றைப் பார்த்து வேறு தேசப்படம் வரைவது ஆகிய எதற்கும் அனுமதி இல்லை. ஓர் இடத்தைக் காட்டவேண்டுமென்றால் இணைப்பைப் பகிருங்கள். அதுவே போதும். எடுத்த மாதமும் ஆண்டும் படத்திலேயே இருக்கும், அதையும் பாருங்கள். 2015 என்று இருந்தால் நீங்கள் பார்ப்பது 2017 வெள்ளத்துக்கு முந்திய வீதி.

3. கூகுள் மேப்பில் மக்கள் போட்ட படங்கள். ஒரு நீர்வீழ்ச்சியை, ஒரு பள்ளிவாசலை யாரோ ஒருவர் படம் எடுத்துப் போட்டிருப்பார். அது அவருடைய படம். கூகுளில் கிடக்கிறது என்பதற்காகப் பொதுச் சொத்தாகிவிடாது. அவரிடம் கேளுங்கள், பெயரைப் போடுங்கள். தங்குமிடம் நடத்தும் சகோதரர்கள் இதை விசேடமாகக் கவனிக்கவேண்டும்.

4. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் உள்ள சாதாரண மக்கள் சேர்ந்து வரைந்துவரும் தேசப்படம். விற்பனைக்குக் கூடப் பயன்படுத்தலாம், காசு கட்டத் தேவையில்லை. 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று பெயர் போடவேண்டும், அவர்களின் உரிமைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கவேண்டும். அச்சில் என்றால் இணைய முகவரியை எழுதிவிடுங்கள். அந்தத் தரவில் நீங்கள் திருத்தம் செய்து வெளியிட்டால், அதையும் அதே நிபந்தனையில் பிறருக்குத் திறந்து கொடுக்கவேண்டும்.

5. மேப்பிலரி. இதுவும் வீதிப் படங்கள்தான், ஆனால் மக்கள் தமது போனில் எடுத்துச் சேர்த்தவை. சுவீடனில் தொடங்கியது, 2020இல் பேஸ்புக் வாங்கியது. இதன் படங்களைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிடவேண்டும். இந்தப் படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையவும் அனுமதி உண்டு.

6. அரச தேசப்படங்கள். நில அளவைத் திணைக்களம் 1800இலிருந்து இந்த நாட்டை அளக்கிறது. க.பொ.த. வகுப்பில் பிள்ளைகள் பார்க்கும் 1:50,000 இடவிளக்கப் படம் அவர்களுடையது, உரிமையும் அவர்களுடையதே. பிரதி எடுத்து விற்க அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் தேசப்படங்களையும் படைப்பாகவே கணக்கெடுக்கிறது. கற்பித்தலுக்காகச் சிறு பகுதியைப் பயன்படுத்த அதே சட்டம் இடம் தருகிறது. அங்கேயும் மூலத்தைக் குறிப்பிடச் சொல்கிறது.

7. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள். இவற்றை முழுதாக மட்டும் பகிருங்கள். நிறங்களின் விளக்கம், திகதி, நேரம், நிறுவனப் பெயர் எல்லாம் இருக்கவேண்டும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். விளக்கத்தை வெட்டிவிட்டு நிறத்தை மட்டும் அனுப்பினால் அது செய்தியாகாது, பீதியாகும்.

இவ்வளவையும் ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒரு சகோதரர் கேட்டார்: "சேர், கூகுள்காரன் கலவானக்கு வந்து வழக்குப் போடப் போறானா?"

வரமாட்டார்கள்தான். ஆனாலும் அவருக்கு ஒரு சம்பவத்தைச் சொன்னோம். பிரித்தானியாவில் வாகன ஓட்டுநர்களுக்கான பெரிய சங்கமொன்று அரசின் நில அளவை நிறுவனத்தின் படங்களைப் பார்த்துத் தனது வீதிப் படங்களை வெளியிட்டது. வீதிகளின் அகலம், வளைவு வரைந்த விதம் போன்ற சின்னச் சின்ன அடையாளங்கள் காட்டிக்கொடுத்தன. 2001இல் அந்தச் சங்கம் 2 கோடி பவுண் கொடுக்க ஒத்துக்கொண்டது. வரைந்தவன் தன் கையெழுத்தை அறிவான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பரீட்சையில் பார்த்தெழுதிய பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் நாம், அதே பிள்ளையின் முன்னால் பெயரை வெட்டிய படத்தைச் சுவரில் ஒட்டினால் எமது சொல்லுக்கு என்ன மதிப்பு? பொறுப்பாக எடுத்ததைப் பொறுப்பாகத் திருப்பிக் கொடுப்பதற்கு எமது பேச்சில் ஒரு சொல் இருக்கிறது: அமானிதம்.

இனிச் சொல்லப்போவதுதான் எமக்கு மிகவும் மனவேதனை தரும் பகுதி.

போனைத் திறந்து எமது பிரதேசத்தைப் பாருங்கள். கலவான நகரம் இருக்கிறது. இரத்தினபுரி வீதி, மத்துகம வீதி இருக்கின்றன. வெத்தாகல தாண்டிச் சிங்கராஜாவுக்குப் போகும் பாதை வெளிநாட்டவர்களுக்காகவே நன்றாகக் குறித்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். எங்கள் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் சிலரின் லயன்கள் அங்கே வெறும் பச்சை நிறம். பெயரில்லை, பாதையில்லை. தோட்ட மக்களுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வது மலையகத்தின் பழைய துயரம். காகிதத்தில் இருந்த அதே வெற்றிடம் இப்போது போனிலும் வந்திருக்கிறது. நள்ளிரவில் 1990 அம்பியூலன்ஸை அழைக்கும் கர்ப்பிணித் தாயின் கணவன் எந்த இடத்தைச் சொல்வான்? "பெரிய ஆலமரத்தடியில திரும்பி, பீலிக்கு மேல" என்று சொன்னால் கொழும்பில் போனை எடுக்கும் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

"ஒரு படத்தில் இருப்பதைப் பார்த்து மற்றதில் போட்டுவிடலாமே?" என்று எமது உயர்தர மாணவன் ஒருவன் கேட்டான். முடியாது. கூகுளில் இருக்கும் பெயரையோ பாதையையோ பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவது இரு பக்க விதிகளுக்கும் எதிரானது. அப்படிப் போட்டதைக் கண்டுபிடித்தால் அழித்துவிடுவார்கள். நல்ல நோக்கம் இருந்தாலும் பார்த்தெழுதியது பார்த்தெழுதியதுதான்.

ஆனால் எமக்குப் பார்த்தெழுதத் தேவையே இல்லை. அந்த லயன்களின் பெயர் எமது பிள்ளைகளுக்குத் தெரியும். ஓட்டோ ஓட்டும் சகோதரருக்கு ஒவ்வொரு முடக்கும் தெரியும். எந்தப் பாலம் மழைக்கு மூழ்கும், எந்தக் குறுக்குப்பாதையால் பாடசாலைக்கு ஏறி வரலாம் என்பது அங்கே வாழும் அம்மாமாருக்குத் தெரியும். நடந்து போய், போனில் பாதையைப் பதிந்து, வாயால் கேட்டுப் பெயரைப் போட்டால் அது எமது சொந்த உழைப்பு. வரைவதற்கு அனுமதி தந்த செய்மதிப் படங்களும் பிங் போன்றவற்றில் உண்டு. ஓரிடத்தின் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனியே பதியலாம். எந்தப் பெயர் முதலில் என்ற சண்டைக்கும் தேவை வராது.

இது நடக்காத காரியமில்லை. மட்டக்களப்பில் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்த திட்டமொன்றில், சுமார் 30,000 கட்டடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். எது வீடு, எது பாடசாலை, எத்தனை மாடி, எந்தப் பொருளால் கட்டியது என்றெல்லாம் பதிந்தார்கள். நேபாளத்தில் காத்மண்டு இளைஞர்கள் முன்கூட்டியே தமது நகரத்தை வரைந்து வைத்திருந்தார்கள். 2015 ஏப்ரலில் பூமி அதிர்ந்தபோது மீட்புப் பணியாளர்கள் அந்தப் படத்தைத்தான் திறந்தார்கள். வெள்ளம் வந்தபிறகு வரையத் தொடங்கினால் தாமதம். வெயில் காலத்தில்தான் வரையவேண்டும்.

அப்படி வரையும் நாளில் பெயர் போடும் விதியின் அருமை எமக்கே விளங்கும். 'பங்களிப்பாளர்கள்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எமது பிள்ளைகளும் இருப்பார்கள். இதுவரை நாம் வெட்டி எறிந்த அந்தச் சின்ன எழுத்து, அன்று எமது தோட்டத்துப் பிள்ளையின் பெயராக இருக்கும்.

ஓர் எச்சரிக்கையோடு முடிக்கிறோம். வீதிப் படம் எடுக்கப் போகும் இளைஞர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

ஜெர்மனியில் 2010இல் ஸ்ட்ரீட் வியூ வந்தபோது, தமது வீட்டை மறைக்கும்படி சுமார் 2,44,000 குடும்பங்கள் கேட்டுக்கொண்டன. அவை மதிலும் திரைச்சீலையும் உள்ள வீடுகள். எமது லயன்களுக்கு மதில் இல்லை. வாசற்படியும் பாதையும் ஒன்று. குளிப்பதும் துணி துவைப்பதும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் வெளியேதான். அறை சிறிது என்பதால் வாழ்க்கையே வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆகவே நகரத்து வீதியில் படம் எடுக்க ஒரு மடங்கு கவனம் போதுமென்றால், லயத்துக்குள் பத்து மடங்கு வேண்டும். மேப்பிலரியும் கூகுளும் முகத்தையும் வாகன இலக்கத்தையும் மங்கலாக்குகின்றன. மங்கலான முகத்தையும் அடுத்த வீட்டுக்காரர் உடையை வைத்தே அடையாளம் கண்டுவிடுவார்.

எமது விதி இது: பீலிக்கரையில் போனைத் தூக்கவேண்டாம். பெரியவர்களிடம் கேட்காமல் லயத்துக்குள் படம் எடுக்கவேண்டாம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அந்த வரிசையை விட்டுவிடுங்கள். பாதையையும் பெயரையும் பதிய முகம் தேவையில்லை. உங்கள் வீடு கூகுளில் தெரிவது பிடிக்கவில்லையா? அந்தப் படத்திலேயே முறையிடும் இடம் இருக்கிறது. கேட்டால் மங்கலாக்குவார்கள், பிறகு மீண்டும் தெளிவாக்க முடியாது. வீட்டில் எல்லோரோடும் பேசிவிட்டுக் கேளுங்கள். அதேபோல காட்டில் வல்லப்பட்டை நிற்கும் இடத்தையெல்லாம் குறிக்கவேண்டாம். எமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் உலகுக்குச் சொல்லியாகவேண்டும் என்றில்லை.

இன்றிலிருந்து எமது பாடசாலை வெளியிடும் எந்தப் படத்திலும் மூலமும் திகதியும் இருக்கும். இல்லாத படம் வந்தால் நாம் பகிரமாட்டோம். எமது பெயரில் அப்படி ஒன்று வந்தால் எம்மிடமே கேளுங்கள், வெட்கப்படாமல் திருத்திக்கொள்வோம். வட்ஸ்அப் குழு நிர்வாகிகளும் இதே வழக்கத்தைப் பிடித்தால், அடுத்த மழைக்கு உண்மையான சிவப்பு வரும்போது ஊர் நம்பி எழுந்து நடக்கும்.

விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, சாதாரண தரம் முடித்த பிள்ளைகளோடு முதல் தோட்டத்துக்கு நடக்க எண்ணியிருக்கிறோம். தோட்டத் தலைவர்மாரிடம் பேசி அனுமதி கேட்டபிறகுதான் நாள் குறிப்போம். பாதை தெரிந்தவர்கள் வாருங்கள். சிங்களத்தில் பெயர்களைச் சரியாக எழுதத் தெரிந்த அயல் கிராமத்து நண்பர்களையும் அழைத்து வாருங்கள். குடையும் தண்ணீர்ப் போத்தலும் மறக்கவேண்டாம். அட்டை கடிக்கும், சவர்க்காரத் துண்டும் கொண்டுவாருங்கள்.

வஸ்ஸலாம்.